சன்னல்களை எண்ணிக்கொண்டு ஒரு நடை: வெனிஸ் கெட்டோ

வெனிஸில் பொதுவாக வீடுகள் மூன்று நான்கு மாடியோடு நின்றுவிடும். சேற்றில் அறைந்த மரக்கட்டைகளின் மேல் நிற்கும் ஊர் அது. கனம் கூடினால் அமிழும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் சாந்தா லூசியா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு சதுக்கத்தில் வீடுகள் ஏழு அடுக்கு, எட்டு அடுக்கு என்று எழும்பி நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சன்னல் வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். உள்ளே கூரை அவ்வளவு தாழ்வு. உயரமான ஆள் கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம்.

அந்த இடத்தின் பெயர் கெட்டோ நுவோவோ, வெனிஸ் தன் யூதர்களை ஒதுக்கிப் பூட்டிவைத்த குடியிருப்பு. யூதர் வரலாற்று நடை என்று வெனிஸில் விற்கப்படும் சுற்றுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. அருங்காட்சியகம், யூதர்கள் தொழும் ஜெப ஆலயங்கள், நினைவுச்சின்னங்கள் என்று பட்டியல் நீளமாக இருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை அந்த நெருக்கமான சன்னல்கள்தான். பக்கவாட்டில் பரவத் தடை போட்டார்கள், மக்கள் மேலே போனார்கள். மற்ற எல்லாமே இதிலிருந்து விளங்கும்.

1516 மார்ச் 29-ல் வெனிஸ் செனட் ஓர் ஆணை போட்டது. நகரின் யூதர்கள் எல்லோரும் கன்னரெஜோ பகுதியிலிருந்த இந்தச் சிறு தீவுக்குக் குடிபோக வேண்டும். அங்கே இருந்த கிறிஸ்தவர்கள் காலி செய்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களை சமாதானப்படுத்த, புதிதாக வருபவர்களிடம் பழைய வாடகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. சூரியன் மறைந்ததும் வாசல்கள் பூட்டப்படும், காலையில் சான் மார்க்கோ கோபுரத்தின் மரங்கோனா மணி அடித்ததும் திறக்கப்படும். நான்கு கிறிஸ்தவக் காவலர்கள் வாசலில், சுற்றிலும் கால்வாயில் ரோந்துப் படகுகள். இந்தக் காவலுக்கான கூலியைக் கொடுத்தவர்கள் உள்ளே பூட்டப்பட்டவர்களே.

ஏன் 1516? 1509-ல் தொடங்கிய போரில் வெனிஸின் தரைநாட்டுப் பகுதிகள் தாக்கப்பட்டபோது மெஸ்த்ரே, பதுவா போன்ற ஊர்களிலிருந்து யூதர்கள் அடைக்கலம் தேடி நகருக்குள் வந்தார்கள். அதுவரை அவர்கள் நகரில் நிரந்தரமாகத் தங்க அனுமதி இல்லை. அடகுக்கடைகளும் அவர்கள் கட்டும் வரியும் அரசுக்குத் தேவை. பக்கத்து வீட்டில் அவர்கள் இருப்பது பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. துரத்தவும் மனமில்லை, கலந்து வாழ விடவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழிதான் பூட்டு.

பெயரைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது: இந்த இடத்தில் முன்பு உலோக வார்ப்புப் பட்டறை இருந்தது. வார்ப்பதற்கு வெனிஸ் பேச்சில் 'ஜெத்தோ'. முதலில் குடியேறிய ஜெர்மானிய யூதர்களின் நாக்கில் மெல்லிய 'ஜெ' கடினமான 'கெ' ஆகிவிட்டது. பட்டறைக் கழிவைக் கொட்டிய இடத்தின் பெயரே பிறகு உலகத்தில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் பெயரானது.

இங்கே ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வது நல்லது. கெட்டோ நுவோவோ என்றால் புதிய கெட்டோ. கெட்டோ வெக்கியோ என்றால் பழைய கெட்டோ. ஆனால் யூதர்கள் முதலில் குடியேறியது 'புதிய'தில், 1516-ல். 'பழைய'து 1541-ல்தான் சேர்க்கப்பட்டது, ஒட்டோமான் நிலங்களிலிருந்து வந்த லெவந்தீன் வணிகர்களுக்காக. புதிது, பழையது என்பதெல்லாம் பட்டறையின் வயதைக் குறிப்பவை, மக்கள் குடியேறிய காலத்தை அல்ல. 1633-ல் மூன்றாவதாக கெட்டோ நுவோவிஸிமோ வந்தது. அது பெயரிலும் காலத்திலும் மிகப் புதிது, பட்டறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் ஆரம்பிக்கும் வழிகாட்டியோடு போனால் கடைசிவரை தலை சுற்றும்.

வழி எளிது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் லிஸ்தா தி ஸ்பான்யா தெருவில் நேராக நடந்தால் குலியே பாலம். நான்கு மூலையிலும் கூம்புத் தூண்கள் நிற்பதால் தவற விட முடியாது. பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி கன்னரெஜோ கால்வாய்க்கரையோடு போனால், சில கடைகள் தாண்டி வலப்பக்கம் கட்டடத்துக்கு அடியில் குனிந்து நுழைவதுபோல் ஒரு சந்து வரும். அதுதான் கெட்டோ வெக்கியோவின் வாசல். படகில் வருபவர்களுக்கு குலியே நிறுத்தம் பக்கம். கிராண்ட் கால்வாயில் வரும் 1-ஆம் எண் படகில் ஏறினால் சான் மார்குவோலாவில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடக்க வேண்டும். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. இந்தத் தூரத்துக்கு அது வீண்செலவு. ரயிலில் வருபவர்கள் நடந்துவிடலாம்.

அந்தச் சந்தின் வாயில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு பக்கக் கல் நிலைகளிலும் கதவுக் கீல் பொருத்திய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. கூட்டமாகப் போகும்போது வழிகாட்டி நுழைந்தபடியே பேசிக்கொண்டு போய்விடுவார், பின்னால் வருபவர்களுக்கு இவை தெரியாது. கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அதன் பிறகு என் யோசனை கொஞ்சம் முரணாகத் தோன்றலாம். கெட்டோ வெக்கியோவில் எதையும் பார்க்க நிற்காதீர்கள். நேராகத் தெருவின் கடைசி வரை போய், பாலம் ஏறி, கெட்டோ நுவோவோ சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். காலவரிசைப்படி அங்கேதான் தொடக்கம். அருங்காட்சியகமும் அங்கேதான், வழிகாட்டிச் சுற்றுகள் கிளம்புவதும் அங்கிருந்துதான். வெக்கியோவைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். வந்த வரிசையிலேயே பார்த்தால் 1541-ஐ முதலிலும் 1516-ஐ அடுத்தும் பார்த்த மாதிரி ஆகும்.

சதுக்கத்தின் நடுவே மூன்று கிணறுகள். நிலத்தடி ஊற்று அல்ல இவை. வெனிஸில் நிலத்துக்கு அடியில் உப்பு நீர்தான். சதுக்கத்தின் கல் தளத்தில் விழும் மழைநீரை மணலில் வடிகட்டிச் சேமிக்கும் தொட்டிகள்தான் இங்கே கிணறு எனப்படுபவை. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த தீவின் குடிநீர் இவ்வளவுதான். தொடக்கத்தில் இங்கே வந்தவர்கள் எழுநூறு பேர் அளவில் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கெட்டோ முழுவதிலும் ஐயாயிரம் வரை இருந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள்; குறைத்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் மாடிகள் ஏன் அப்படி உயர்ந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். யூதர்களுக்கு நிலமோ வீடோ சொந்தமாக வாங்க உரிமை இல்லை. ஆனால் குடியிருப்புரிமையை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். அதனால் ஓர் அறையை இரண்டாகப் பிரிப்பது, ஒரு மாடிக்கு நடுவே தளம் போட்டு இரண்டாக்குவது, மேலே மரத்தாலேயே இன்னொரு மாடி ஏற்றுவது எல்லாம் நடந்தன. மரம் ஏன் என்றால், செங்கல் கனத்தை அடித்தளம் தாங்காது.

இப்போது ஜெப ஆலயங்கள். வெனிஸில் இவற்றுக்கு 'ஸ்கோலா' என்று பெயர். கெட்டோவில் ஐந்து உண்டு: தெதெஸ்கா, கந்தோன், இத்தாலியானா ஆகிய மூன்றும் நுவோவோவில், லெவந்தீனா, ஸ்பன்யோலா ஆகிய இரண்டும் வெக்கியோவில். நுவோவோ சதுக்கத்தில் நின்று 'ஜெப ஆலயம் எங்கே?' என்று தேடுபவர்கள் தரைமட்டத்திலேயே தேடித் தோற்பார்கள். மூன்றுமே சாதாரண வீடுகளின் உச்சி மாடியில் இருக்கின்றன. தொழும் இடத்துக்கு மேலே வானம் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்ற மரபு ஒரு காரணம். தரையில் இடமில்லை என்பது அதைவிட அழுத்தமான காரணம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஐந்து சன்னல்கள். யூதர்களின் வேதமான தோராவின் ஐந்து நூல்களைக் குறிப்பவை என்பார்கள். அருங்காட்சியகக் கட்டடத்தின் மேலே வளைவு வைத்த ஐந்து பெரிய சன்னல் வரிசை தெரிந்தால் அது தெதெஸ்கா, 1528-ஐ ஒட்டி ஜெர்மானிய யூதர்கள் கட்டியது. ஐந்திலும் பழையது அதுதான். அதன் பக்கத்து மூலையில் கூரைக்கு மேலே மரத்தாலான ஒரு சின்னக் குமிழ் எட்டிப் பார்த்தால் அது கந்தோன், 1531–32. இன்னொரு பக்கம் மறுபடி ஐந்து சன்னல், மேலே குடை மாதிரி சிறு கும்மட்டம், 1575 என்று பொறித்த கல்: இது இத்தாலியானா. வழிகாட்டி காட்டுவதற்கு முன்பே இவற்றை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் உள்ளே கேட்கும் விளக்கம் மனத்தில் நிற்கும்.

உள்ளே போனால் தெதெஸ்காவின் தரை ஒரு கோணல் சரிவகம். இருந்த வீட்டுக்குள் நுழைத்த கூடம், சுவரை நேராக்க வழியில்லை. அந்தக் கோணலை மறைக்கத்தான் மேலே பெண்களுக்கான மாடத்தை நீள்வட்டமாக ஓடவிட்டிருக்கிறார்கள். கீழே பார்த்தால் கோணல், மேலே பார்த்தால் ஒழுங்கு. கந்தோனில் எட்டு மரப்பலகைச் சித்திரங்கள் உண்டு: செங்கடல் பிளந்தது, மன்னா பொழிந்தது, எரிகோ மதில். ஜெப ஆலயத்தில் இப்படிக் கதைச் சித்திரம் வைப்பது அரிது. ஆனால் எந்தப் பலகையிலும் முழு மனித உருவம் கிடையாது. மோசேயைத் தேடாதீர்கள், கடலையும் மலையையும் பாருங்கள்.

இந்த மூன்றும் அருங்காட்சியகமும் பல ஆண்டுகளாகப் பெரிய சீரமைப்புக்கு உட்பட்டவை. அதனால் எந்த நாளில் எந்த ஸ்கோலாவைக் காட்டுவார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். சீட்டு வாங்கும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அன்றைக்கு எவை உண்டு என்று பார்ப்பது கட்டாயம். இன்னும் முக்கியமானது: ஜெப ஆலயங்களுக்குள் அருங்காட்சியகத்தின் சொந்த வழிகாட்டிச் சுற்றில்தான் போக முடியும். வெளியே தெருநடை விற்கும் சுற்றுகளில் பல சதுக்கத்தில் நின்று மேலே கையைக் காட்டுவதோடு முடிந்துவிடும். 'கெட்டோ நடை' என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே நுழைவு சேர்த்தியா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

கிழமையும் தவறிப் போகும். சனிக்கிழமை சபத், யூதர்களின் ஓய்வு நாள்; அருங்காட்சியகம் மூடியிருக்கும், சுற்றும் இல்லை. யூதப் பண்டிகை நாள்களிலும் அப்படியே. செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் அடுத்தடுத்து வருவதால் அந்த வாரங்களில் தேதியைச் சரிபார்க்காமல் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை சபத் தொடங்கும் முன் மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டும். என்னைக் கேட்டால் ஞாயிறு காலையோ வார நாள் காலையோதான் சரி. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தொப்பி இல்லாவிட்டால் அங்கேயே கிப்பா கொடுப்பார்கள். தோளும் முழங்காலும் மறைந்த உடை. உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முட்டி வலி உள்ளவர்கள் முன்னாலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. சதுக்கத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் நிற்பார்கள். அவர்களையும் காவல் கூண்டையும் படம் எடுக்க வேண்டாம்.

சதுக்கத்தின் ஓரத்திலேயே பான்கோ ரோஸ்ஸோ, சிவப்பு வங்கி. வங்கி என்று பெயரே தவிர அது அடகுக்கடை. அடகுச்சீட்டின் நிறத்தால் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று இருந்தன. இதை விருப்பத் தொழில் என்று நினைத்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசோடு புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தில், நகர ஏழைகளுக்கு அரசு வைத்த குறைந்த வட்டியில் கடன் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதைச் செய்தால்தான் தங்க அனுமதி. அதற்கு மேல் அவர்களுக்கு விட்டுவைத்த தொழில்கள் பழைய துணி வியாபாரமும் மருத்துவமும். மருத்துவர்களுக்கு மட்டும் நோயாளியைப் பார்க்க இரவிலும் வாசல் திறக்கும். வெளியே போகும்போது மஞ்சள் தொப்பி; பின்னாளில் சிவப்பு.

அச்சுத் தொழிலிலும் இதே கதை. யூதர் அச்சகம் வைக்க முடியாது. அதனால் யூதச் சமயச் சட்ட நூலான தால்முத் முழுவதையும் முதன்முதலாக 1520–1523-ல் வெனிஸில் அச்சிட்டவர் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த தானியேல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவர். மெய்ப்புப் பார்த்தவர்களில் யூத அறிஞர்கள் இருந்தார்கள். அவர் வைத்த பக்க அமைப்பும் தாள் எண்ணும் இன்றைய தால்முத் பதிப்புகளிலும் தொடர்கின்றன. முப்பது ஆண்டு கழித்து, 1553 அக்டோபரில், சான் மார்க்கோ சதுக்கத்தில் தால்முத் பிரதிகளை எரித்ததும் இதே வெனிஸ்தான்.

பாலம் ஏறித் திரும்பி வெக்கியோவுக்கு வந்தால் சூழ்நிலை மாறும். லெவந்தீனாவும் ஸ்பன்யோலாவும் ஒரு சிறு முற்றத்தில் எதிரெதிரே, தரையிலிருந்தே தனிக் கட்டடங்களாக நிற்கின்றன. இவர்களிடம் கப்பல் வணிகம் இருந்தது, பணம் இருந்தது, வெனிஸுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ஸ்பன்யோலா ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து துரத்தப்பட்டவர்களுடையது, ஐந்திலும் பெரியது. இப்போதைய தோற்றம் பதினேழாம் நூற்றாண்டுப் புதுப்பிப்பு; கட்டடக் கலைஞர் பல்தஸ்ஸாரே லொங்கேனாவின் கைவண்ணம் என்று சொல்லப்படுகிறது. லெவந்தீனாவில் முறுக்குத் தூண்களோடு கூடிய மர மேடையை அந்த்ரேயா புருஸ்தோலோன் செதுக்கியதாகக் கருதுகிறார்கள். இவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. வெனிஸ் யூதச் சமூகம் குளிர்காலத்தில் லெவந்தீனாவிலும் வெயில் காலத்தில் ஸ்பன்யோலாவிலும் இன்றும் தொழுகிறது.

அதே தெருவில், சந்து வாயை நோக்கி நடக்கும்போது சுவரில் பதித்த ஒரு பெரிய எழுத்துக் கல் இருக்கிறது. பெரும்பாலோர் கடந்துபோய்விடுவார்கள். 1704-ல் தெய்வ நிந்தனைக் குற்றங்களை விசாரித்த அதிகாரிகள் வைத்த ஆணை அது. கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதர்கள் கெட்டோவுக்குள் நுழையக் கூடாது, யூத வீட்டை அணுகக் கூடாது. மீறினால் கையைக் கட்டிக் கயிற்றில் தூக்கும் சித்திரவதை, சிறை, துடுப்புக் கப்பலில் கட்டாய உழைப்பு, சவுக்கு, ஊர் நடுவே கட்டிவைத்தல். காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசு. மதம் மாறிய மகன் தாயைப் பார்க்க வரக்கூடாது என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். இதை வாசித்துச் சொல்லும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி என்பது என் அளவுகோல்.

வழிகாட்டிகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடலாம். 'உலகிலேயே யூதர்களைப் பூட்டிவைத்த முதல் இடம் இது' என்பார்கள், தவறு. பிராங்க்பர்ட் நகரில் 1462-லேயே யூதர் தெரு சுவரும் வாசலுமாக அடைக்கப்பட்டது. கெட்டோ என்ற பெயருக்குத்தான் வெனிஸ் முதல். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரர் ஷைலாக் வாழ்ந்த வீடு என்று ஒரு சன்னலைக் காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். கற்பனைப் பாத்திரம் என்பது ஒருபுறம் இருக்க, அந்த நாடகத்தில் கெட்டோ என்ற சொல்லே வருவதில்லை.

வாசல்கள் 1797 ஜூலையில் நெப்போலியன் படை வந்த பிறகு பிடுங்கி எரிக்கப்பட்டன. ஆஸ்திரிய ஆட்சியில் சில கட்டுப்பாடுகள் திரும்பின. 1866-ல் வெனிஸ் இத்தாலியோடு சேர்ந்த பிறகுதான் முழுச் சம உரிமை. 1938-ல் பாசிச அரசின் இனச் சட்டங்கள் அதைப் பறித்தன.

சதுக்கத்தின் ஒரு சுவரில், முள்கம்பிக்குக் கீழே, நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவூட்டும் ஏழு வெண்கலப் பலகைகள். லிதுவேனியாவில் பிறந்த அர்பித் பிளாதாஸ் செய்தவை, 1980-ல் வைக்கப்பட்டன. அவரே செய்த 'கடைசி ரயில்' 1993-ல் வேறொரு சுவரில் வந்தது. அதற்குப் பின்னால் உள்ள மரப் பலகைகளில் பெயர்கள் இருக்கும். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வந்தபோது சமூகத் தலைவர் மருத்துவர் ஜுஸெப்பே யோனா. யூதர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். செப்டம்பர் 17-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், பட்டியல் போகவில்லை. இருந்தும் டிசம்பர் 5 இரவில் வேட்டை தொடங்கியது. 1944 ஆகஸ்ட் 17-ல் இதே சதுக்கத்தில் இருந்த முதியோர் இல்லத்திலிருந்தும் ஆள்களைத் தூக்கிச் சென்றார்கள். யூத மதகுருவான ரப்பி அதோல்போ ஒத்தொலெங்கியும் அவர்களோடு போனார். வெனிஸிலிருந்து நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 246 பேர், திரும்பியவர்கள் எட்டுப் பேர். அந்த இல்லத்தின் கட்டடம் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இந்தச் சுவருக்கு முன்னால் குழு நிறுத்தி விளக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்து நிமிடம். சுற்று முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்து பெயர்களை வாசியுங்கள். வீட்டு வாசல்களில், அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர் பொறித்துத் தரையில் பதித்த சிறிய பித்தளைக் கற்களும் இருக்கும். நடக்கும்போது கீழேயும் ஒரு கண் வேண்டும்.

நேரக் கணக்கு: அருங்காட்சியகச் சுற்று முக்கால் மணி முதல் ஒரு மணி, இரண்டு பகுதிகளிலும் தெரு நடை ஒன்றரை மணி. இரண்டரை மணி ஒதுக்கினால் அவசரம் இராது. வசந்தம், கோடையில் குறிப்பிட்ட சில நாள்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களுக்கு நகர நுழைவுக் கட்டணம் உண்டு. 2024-ல் 5 யூரோவில் தொடங்கியது, 2025-ல் தாமதமாகப் பதிவு செய்தவர்களுக்கு 10 ஆனது. நகரில் இரவு தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அரை நாள் மிச்சமிருந்தால் படகில் லீதோ தீவுக்குப் போகலாம். சான் நிக்கோலோ பக்கம் 1386-ல் யூதர்களுக்குக் கொடுத்த இடுகாடு இருக்கிறது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் நுழைய முடியும்; அங்கேயும் சனிக்கிழமை கிடையாது. கெட்டோவில் கவிதை எழுதிய சாரா கோப்பியோ சுல்லாமின் கல்லறை அங்கே உண்டு. அதன் எழுத்தை இயற்றியவர் இத்தாலியானாவில் பிரசங்கம் செய்த ரப்பி லெயோன் மோதெனா. அவருடைய கல்லும் அதே மரநிழலில்தான் கிடக்கிறது. புல் உயரமாக இருக்கும், கொசு அதிகம். முழுக்கால் உடையோடு போங்கள்.